பழுதனின் வலது முழங்கால்

1

இந்தக் கதையை ஒருவனைக் கிண்டல் செய்வதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒரு கனவையோ, ரயிலில் பார்த்த ஒரு முகத்தையோ காட்டுவார்கள். எனக்கு இது என் மைத்துனனின் விசிட்டிங் கார்டிலிருந்து பிறந்தது. அதில் அவன் பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'சேகரிப்புப் பொருள் மதிப்பீட்டு வல்லுநர்' என்று அச்சிட்டிருந்தான். பிரித்துச் சொன்னால், பழைய பொம்மையைத் திருப்பிப் பார்த்து இது நல்ல பொம்மை, இது சுமாரான பொம்மை என்று சொல்பவன்.

வல்லுநர் என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இருபது வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் பெரிய மனிதர்களின் காற்றைப் பிடுங்கி விடுவதுதான் என் வேலை. பொம்மைக்கு வல்லுநர் என்றால் விடுவேனா? தலைப்புகூடத் தயாராக இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அதுதான் தப்பு.

"எழுதறதுக்கு ஊர்ல வேற ஆளே இல்லையா? என் தம்பிதான் கிடைச்சானா?" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் மைத்துனனிடமிருந்து போன் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குள் எந்தச் செய்தியும் அதற்குமேல் தாமதமாவதில்லை. கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "அத்தான், ஒரு நாள் காலையில வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் என்ன வேணா எழுதுங்க" என்றான். கிண்டல் செய்யப் போகிறவனை அழைத்து நாற்காலி போடுவது நியாயமான சண்டை முறையே இல்லை.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

'சன்னல் வழியே நுழைந்த காலை வெயில் ரோபோவின் ஒற்றைக் கண்ணில் பட்டுத் தெறித்தபோது' (நிறுத்து. அந்த அறையில் சன்னலே கிடையாது. வெயில் பட்டால் பொம்மையின் பெயின்ட் வெளுத்துவிடுமாம்.)

'மனிதன் இயந்திரத்தை மதிப்பிடுகிறானா, அல்லது இயந்திரம் மனிதனை' (இதை எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

'ஓர் அக்காவும் தம்பியும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பொதுவாக மிஞ்சியிருந்தது ஒரு ரோபோ பொம்மை மட்டும்.'

இது நிற்கட்டும். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், இது நடந்தது.*

* 'நடந்தது' என்று ஒரு கதைக்காரன் சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் அனுபவத்தைப் பொறுத்தது.

3

மைத்துனனின் அலுவலகத்தில் நான் போய் உட்கார்ந்த அன்று, அந்தத் தம்பி அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர், வயது நாற்பத்து மூன்று. பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு இருபது வருடம் உட்கார்ந்ததில், நாற்காலியில் இருக்கும்போதும் அவ்வப்போது வலது காலைத் தரையில் அழுத்தினார். முன்னறையில் இருந்த என்னையும் பொம்மை கொண்டுவந்த வாடிக்கையாளர் என்று நினைத்து, மனம் விட்டுப் பேசினார். நானும் திருத்தவில்லை. (என் தொழிலில் இதற்குப் பெயர் கள ஆய்வு.)

அவர் சொன்னதன் சுருக்கம் இது. அப்பா போன பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். பாத்திரம், பீரோ, புகைப்படங்கள் எல்லாம் பிரிந்தன. ரோபோ மட்டும் பிரியவில்லை. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிய ஒன்று அது. அவர் அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்தபோது அக்கா சொன்னாராம்: "நீ கை வெச்ச எதுவும் உருப்பட்டதில்ல." அன்றோடு பேச்சு நின்றது.

கேட்டால் சாதாரண வார்த்தைதான். எந்த வீட்டிலும் தினமும் நாலு முறை பறக்கும். அது ஏன் இவருக்கு இவ்வளவு ஆழமாகத் தைத்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. கேட்கவும் இல்லை.

இன்று மதிப்பீடு. உயர்ந்த தரம் என்றால் விற்றுவிடுவது, இல்லையென்றால் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்வது என்று அக்கா வீட்டுக்காரர் மூலமாகப் பேசி முடித்திருந்தார்கள். "இது ஒண்ணுதாங்க பாக்கி. இதுவும் முடிஞ்சா அப்புறம் பார்க்க வேண்டிய அவசியமே வராது" என்றார் தம்பி. நிம்மதியாகச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தரையில் ஒரு பிரேக் போட்டார்.

4

(நான்காம் பகுதியில் மைத்துனனின் தொப்பையையும் அவன் கையுறை மாட்டும் கம்பீரத்தையும் ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். மனைவி படித்துவிட்டாள். ஆகவே நான்காம் பகுதி இல்லை.)

5

அக்கா வந்தார். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். முதல் வரைவில் இவரை நான் வில்லியாக்கியிருந்தேன். 'பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார்' என்றும் எழுதி, அந்த நகைச்சுவைக்காக என்னையே பாராட்டிக்கொண்டேன். உண்மையில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. விரல் நுனிகளில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வில்லிகள் இப்படி வரமாட்டார்கள். எனவே அடித்துவிட்டேன்.

பொதுவாகப் பொருளின் சொந்தக்காரர்களை உள்ளறைக்குள் விடுவதில்லையாம். இவர்களில் ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை வெளியே உட்காரவைக்க முடியாது. இரண்டு பேரையும் வெளியே உட்காரவைத்தால் ஒரே சோபா. கடைசியில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் மைத்துனன், மூலையில் நான்.

"பெட்டியோட மூடி கிழிஞ்சிருக்கே, அது எப்பன்னு அவர்கிட்ட கேளுங்க" என்றார் அக்கா.

"அது அப்பா வீட்டிலயே கிழிஞ்சதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் தம்பி.

இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, தபாலை மைத்துனன் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவன் இருபுறமும் தலையாட்டினான். கூடப் பிறந்த தம்பியை 'அவர்' என்று சொல்லுகிற அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

6

ரோபோவைப் பற்றி. அந்தக் காலத்தில் டிவியில் வாரம் ஒரு முறை ஓடிய விண்வெளித் தொடர் ஒன்று. கப்பலில் கேப்டன் உண்டு, விஞ்ஞானி உண்டு, நீளமாக வசனம் பேசும் எதிரி உண்டு. இவர்கள் சண்டை போட்டு உடைத்ததையெல்லாம் ஓரமாக நின்று ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டையான ரோபோ ஒன்றும் உண்டு. அதற்குத் தொடரில் வெறும் எண்தான். பார்த்த பிள்ளைகள் வைத்த பெயர் பழுதன். கேப்டன் பொம்மை ஆயிரக்கணக்கில் விற்றது. பழுதனை யாரும் வாங்கவில்லை, ஆகவே கொஞ்சம்தான் செய்தார்கள், ஆகவே இன்று அதற்குத்தான் மவுசு. (பழுது பார்க்கும் ரோபோவுக்கே பழுது என்று கொஞ்ச நேரத்தில் தெரியவரும். அது குறியீடு இல்லை. குறியீடு என்று யாராவது கட்டுரை எழுதினால் நான் பொறுப்பில்லை.)

மைத்துனனின் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. போனைத் தாங்கியில் நிறுத்திப் பதிவைப் போட்டுவிட்டு, கண்ணில் படுவதை அப்போதைக்கப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு மனம் மாறிக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இடையில் நிறுத்தக் கூடாது. அழிக்கக் கூடாது. நிறுத்தினால் அந்த மதிப்பீடு செல்லாது. இன்னொரு விதி, கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஊகிக்கக் கூடாது. 'வலது காதில் கீறல்' என்று சொல்லலாம். 'கீழே போட்டிருப்பார்கள்' என்று சொல்லக் கூடாது.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. நான் எழுதும் எதற்கும் இந்த விதிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

அவன் தொடங்கினான். உயரம் ஒன்றரைச் சாண். முதுகில் நான்கு திருகாணி, ஆகவே முதல் தயாரிப்பு. நெஞ்சுக் கதவு திறக்கிறது, உள்ளே மூன்று கருவிகளும் இருக்கின்றன. பேட்டரி அறையில் துரு இல்லை. இடது தோளில் பெயின்ட் உரிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ரோபோவைத் தொட்டும் தொடாமலும் திருப்பிச் சொன்னான். குரலில் அலட்டல் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவனின் கை அது. எனக்குக் கிண்டல் செய்யக் கிடைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் மேசைமேல் சாய்ந்து, ஒரே பொருளை ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டு பார்க்கப் பயன்படுத்தும் ஊதா விளக்கை எடுத்தான். ஒட்டு வேலை ஏதாவது இருந்தால் அதில் தனியாக மினுங்குமாம். தலை, கைகள், இடது கால் எல்லாம் இருட்டாக இருந்தன. வலது முழங்காலுக்கு வந்ததும் இரண்டு நிறம் தெரிந்தது. உள்ளே மெல்லிய நீலக் கோடு. அதன்மேல் திட்டுத் திட்டாக மங்கலான மஞ்சள்.

"வலது முழங்கால்ல ஒடைஞ்சு ஒட்டியிருக்கு. ரெண்டு தடவை. வேற வேற பசை. அடியில இருக்கிறது சுத்தமா, ஊசி முனையால வெச்ச மாதிரி மெல்லிசா இருக்கு. மேல இருக்கிறது அப்பியிருக்கு, அதுல ஒரு பெருவிரல் ரேகை" என்றான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "ரேகை ரொம்பச் சின்னது. சின்னப் பிள்ளைங்க வேலை. ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தர் ஒட்டினது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்காது."

ஊகம். தொழிலில் செய்யக் கூடாத பிழை. பத்து வருடத்தில் அவன் ஒரு முறைகூடச் செய்யாதது. மூலையில் அத்தான் உட்கார்ந்திருக்கிறாரே, நாமும் ஏதோ தெரிந்தவன்தான் என்று காட்டலாமே என்ற ஒரு சின்ன ஆசை. அந்த நாற்காலியில் நான் இல்லாதிருந்தால் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. எனவே வல்லுநரின் வாழ்நாளின் ஒரே அலட்டலுக்கு நான்தான் காரணம் என்று பதிவாகட்டும்.

7

விளக்கைப் போட்டதும் தம்பியின் முகம் வெளிறியிருந்தது. வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

மேலே இருக்கும் மஞ்சள் பசை தன்னுடையது என்று சொன்னார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போட அப்பா வைத்திருந்த பசையாம். எட்டு வயதில் ஒரு மதியம், அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ரோபோவை நடக்கவைத்துப் பார்க்கலாம் என்று எடுத்திருக்கிறார். கால் அப்படியே கையோடு வந்துவிட்டது. பயந்து ஒட்டி, சட்டைத் துணியால் கட்டி, காயும்வரை கட்டிலுக்கு அடியில் அதன் கூடவே படுத்திருந்திருக்கிறார். இதையெல்லாம் மைத்துனனைப் பார்த்தே சொன்னார்.

"அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க சொன்னது சரிதான். உடைச்சது நான்தான். முப்பத்தஞ்சு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்."

மைத்துனன் தலையாட்டவில்லை. இந்தத் தபாலை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குக் கணக்கு புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. மஞ்சளுக்கு அடியில் நீலம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் கையோடு கால் ஏன் அவ்வளவு எளிதாக வந்தது என்றால், அது ஏற்கெனவே உடைந்த கால். யாரோ ஒருவர் அதற்கு முன்பே உடைத்து, ஊசி முனையால் பசை வைத்து, வெளியே தெரியாமல் நிமிர்த்தி நிறுத்தி, மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார். அந்த வீட்டில் இருந்தவை இரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று வளர்ந்து, மயிரிழை பிசகாமல் பல் செட் செய்யும் வேலைக்குப் போயிருக்கிறது.

தம்பி மட்டும் இந்தக் கணக்கைப் போடவில்லை. தன் தவறைச் சுமந்துகொண்டு நிற்பவருக்கு அடுத்தவர் பக்கம் பார்க்கத் தோன்றாது போலிருக்கிறது. 'நீ கை வெச்ச எதுவும் உருப்பட்டதில்ல' என்ற வார்த்தை ஏன் அவருக்குள் அப்படி இறங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைச் சொன்னவருக்கும் அதே நொடியில் விளங்கியிருக்க வேண்டும். அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(இது ரொம்பவும் வசதியான திருப்பம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஒரு வரைவில் நீலப் பசையைத் தொழிற்சாலையின் வேலை என்று மாற்றிப் பார்த்தேன். கதை கௌரவமாகிவிட்டது, நவீனமாகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. திரும்பவும் நடந்ததற்கே வந்துவிட்டேன்.)

8

போன் இன்னும் பதிந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவனுக்கு இந்த இடம் கொழுத்த வேட்டை. மூன்று முடிவுகள் தயாரித்தேன்.

முதல் முடிவில் அக்கா கதறி அழுது தம்பியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ள, ரோபோவின் கண் தானாக ஒளிர்கிறது. (பேட்டரியே இல்லை. மேலும் என் பத்திரிகை ஆசிரியர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.)

இரண்டாம் முடிவில் அக்கா ஒன்றும் சொல்வதில்லை. தம்பி ஒப்புக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, 'சரி, மேலே பாருங்கள்' என்கிறார். மனித மனத்தின் இருட்டு, இன்னபிற. இதுதான் இலக்கியத் தரமானது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் தன் அண்ணனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

மூன்றாம் முடிவில் மைத்துனன் எழுந்து நின்று உறவுகளின் அருமை பற்றி (அடித்துவிட்டேன். இதை எழுதியது நான் இல்லை.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா கையை நீட்டிப் போனைக் காட்டினார்.

"அதை நிறுத்திடுங்க. அடியில இருக்கிற பசையைப் பத்தி நீங்க எதுவும் எழுத வேணாம். அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

நிறுத்தினால் இன்று பார்த்தது எதுவும் செல்லாது என்று மைத்துனன் விளக்கினான். இன்னொரு நாள் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துதான் வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று ஒரு புது விதியையும் சேர்த்தான். அப்படி ஒரு விதி இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

"வர்றோம்" என்றார் தம்பி. சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் திகைத்தார்.

மைத்துனன் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினான். தரமும் இல்லை, சான்றிதழும் இல்லை. வல்லுநர் ஒரு காலைப் பொழுதைக் கெடுத்துக்கொண்டான். அவன் பழுதனைப் பெட்டிக்குள் வைத்து, கிழிந்த மூடியைப் பார்த்துப் பார்த்து மடித்ததை நான் எழுதத்தான் வேண்டும். கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை.*

* மனைவி இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தாள். காபி தானாக வந்தது.

9

முடிவுக்கு வருவோம். என்னிடம் அது இல்லை.

அவர்கள் கீழே போனார்கள். லிஃப்ட் வேலை செய்யாததால் நான்கு மாடியும் படியில்தான் இறங்கியிருக்க வேண்டும். படியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் முன்னறைக்கு வந்து, தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றேன். "பார்க்காதீங்க அத்தான்" என்று மைத்துனன் உள்ளிருந்து சொன்னான். சொன்னவனும் வந்து பக்கத்தில் நின்றான்.

எதிரே ஜெராக்ஸ் கடை. அதன் வாசலில் இரண்டு வண்டிகள், எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நின்றன. ஒன்று தம்பியின் கார், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்தது. இன்னொன்று அக்காவின் ஸ்கூட்டர். யாரும் அவரவர் வண்டியை எடுக்கவில்லை. அக்கா ஸ்கூட்டர் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி எதிரே நின்றார். அக்கா ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, ஹெல்மெட்டை எடுத்துத் திரும்ப வைத்து, மறுபடியும் தொடங்கினார். தம்பி காது கேளாதவரைப் போல நன்றாகத் தலை குனிந்து கேட்டார். ஒரு லாரி வந்து மறைத்தது. லாரி போன பிறகும் அவர் குனிந்துதான் நின்றார். அக்கா பேசிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடி தடிமனானது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டது போல எழுதத் தெரியாதா என்றால், தெரியும். இருபது வருடப் பிழைப்பே அதுதான். நான்கு முறை எழுதியும் பார்த்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன. நன்றாக இருந்ததுதான் தொல்லை. முப்பத்தைந்து வருடம் வாய்க்குள் கிடந்த ஒன்று வெளியே வரும்போது அவ்வளவு நன்றாக வராது. முன்னும் பின்னுமாக, முதலில் தேவையில்லாத எதையோ சொல்லி, பாதியில் கோபித்து, பசை வாங்கிய கடையின் பெயரையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் வரும். அப்படி எழுத எனக்கு வரவில்லை.

உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன். யாரிடமோ சொல்ல வேண்டும் என்று நீங்களும் ஒன்றை வைத்திருப்பீர்கள். எழுத்தாளர்களைவிட உங்களைப் போன்றவர்களிடம்தான் அதற்கான சரியான தடுமாற்றம் இருக்கிறது. ஆகவே அந்த ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். வழிவிடுவார்கள்.

அக்கா "டேய்" என்று தொடங்கியிருப்பார். மிச்சம் உங்களுடையது.